தீட்டுக்கல்: எது என்ன கல், எப்போது மாற்றுவது? சேலத்துத் தச்சு வேலைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கம் உளியும் இழைப்புளியும் பிடிக்கிறவர்கள் தீட்டுக்கல்லைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன பெட்டியில் பெயர் தெரியாத கல் ஒன்று கிடக்கிறது, நடுவில் குழி விழுந்திருக்கிறது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாமா? அவசரப்படாதீர்கள். இருப்பது என்ன கல் என்று தெரியாமல் மாற்றுக் கல் வாங்கப் போனால், பல நேரம் அதைவிட மட்டமான கல்தான் வீட்டுக்கு வரும்.

பெட்டியில் கறுப்பாக ஒரு கல் இருக்கிறது. எழுத்து எதுவும் இல்லை. என்ன கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போது தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். பல வருட எண்ணெயும் இரும்புத் தூளும் ஏறினால் எந்தக் கல்லும் கறுப்பாகத்தான் இருக்கும். மண்ணெண்ணெயிலோ டர்பன்டைனிலோ ஓர் இரவு ஊறப் போடுங்கள். காலையில் பழைய பல் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டு அலசிக் காயவையுங்கள். எண்ணெயை எரித்து எடுக்கிறேன் என்று கல்லை அடுப்பில் காட்ட வேண்டாம். எண்ணெய் தீப்பிடிக்கும், கல்லும் விரிசல் விடும். காய்ந்த பிறகு பக்கவாட்டு முகம் ஒன்றை வாட்டர் பேப்பரில் (ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டுக் கொஞ்சம் தேயுங்கள். உண்மை நிறம் அங்கே தெரியும்.

இப்போது வெயிலில் பிடித்துப் பாருங்கள். காவி கலந்த பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ, மணி, அதாவது எஃகைத் தேய்க்கும் துகள், ஒரே சீராக இருந்தால் அது அலுமினியம் ஆக்சைடு. 'இந்தியா ஸ்டோன்' என்று பெரிய தச்சர்கள் சொல்வது இதைத்தான். சாம்பல் அல்லது கருஞ்சாம்பல் நிறத்தில், கல்லைத் திருப்பும்போது பொடிப் பொடியாக மினுமினுத்தால் சிலிக்கான் கார்பைடு. நம் கடைகளில் இதற்குப் பெயர் கார்போரண்டம் கல். அமெரிக்காவில் அச்செசன் என்பவர் 1891-ல் மின் உலையில் உருவாக்கிய பொருள் இது. அவர் வைத்த வணிகப் பெயர்தான் சேலம் செவ்வாய்ப்பேட்டை ஹார்டுவேர் கடை வரை வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு நிறமும் நடுவில் ஒட்டுக்கோடும் தெரிந்தால் இருபக்கக் கல். ஒரு பக்கம் நறநற, மறுபக்கம் மிருது.

மணியே கண்ணுக்குத் தெரியாமல், வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று திட்டுத் திட்டாக, தொட்டால் வழவழவென்று இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இயற்கைக் கல்லாக இருக்கலாம். விளிம்பில் செல்போன் டார்ச்சை வைத்துப் பாருங்கள். ஒளி உள்ளே இறங்கி விளிம்பு மங்கலாக ஒளிர்ந்தால், அமெரிக்காவின் ஆர்கன்சா பகுதியில் வெட்டும் நோவாகுலைட் என்ற இயற்கைத் தீட்டுக்கல்லின் நல்ல ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆணியால் கீறினால் கோடு விழுகிறது, பக்கவாட்டில் அடுக்கு அடுக்காகத் தெரிகிறது என்றால் சிலேட்டு. சில சிலேட்டுக் கற்கள் கடைசி மெருகுக்கு உதவும். மழுங்கிய உளியை மீட்க அவற்றால் முடியாது.

கடைசியாக, சுத்தம் செய்த கல்லின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் நுண்துளைகள் நிறைந்த செயற்கைக் கல் அல்லது ஜப்பானிய வகைத் தண்ணீர்க் கல். அப்படியே முத்தாக நின்றால் நெருக்கமான இயற்கைக் கல், அல்லது உள்ளே இன்னும் எண்ணெய் இருக்கும் செயற்கைக் கல்.

பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். மூடியின் உள்பக்கம் ஒட்டிய பழைய காகிதத் துண்டில் கம்பெனிப் பெயரோ மணி எண்ணோ பாதியாவது மிஞ்சியிருக்கும்.

இயற்கைக் கல் என்றுதான் தோன்றுகிறது. உறுதிப்படுத்த வழி உண்டா?

எடை போட்டுப் பாருங்கள். ஆர்கன்சாக் கல்லை ரகம் பிரிப்பதே பெரும்பாலும் அதன் அடர்த்தியை வைத்துத்தான். கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு போதும். அக்கம்பக்கத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருந்தால் அங்கே இன்னும் நுட்பமான தராசே இருக்கும்.

முதலில் கல்லைக் காய்ந்த நிலையில் எடை போடுங்கள். 410 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி கையில் தொங்கப் பிடியுங்கள். கல் பாத்திரத்தில் உட்காரவே இல்லை, ஆனாலும் தராசு ஓர் எண்ணைக் காட்டும். அது கல் விலக்கிய தண்ணீரின் எடை. 164 கிராம் என்று வந்தால், 410-ஐ 164-ஆல் வகுக்க 2.5. ஏறத்தாழ 2.2 முதல் 2.3 வரை வந்தால் மென் ரகம், 2.3-க்கு மேல் கடின ரகம், 2.5-ஐத் தாண்டினால் ஒளி ஊடுருவும் உயர் ரகம். நுண்துளையுள்ள செயற்கைக் கல்லுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. தண்ணீர் உள்ளே போய்விடும், குமிழி கிளம்புவதிலேயே அது தெரிந்துவிடும்.

'இந்தியா ஸ்டோன்' இந்தியாவில் கிடைத்த கல்லா?

இல்லை, உலையில் உருக்கிச் செய்யும் செயற்கைக் கல். பாக்சைட்டை மின் உலையில் 2000 டிகிரிக்குப் பக்கமாக உருக்கி, ஆறிய கட்டியை உடைத்து, சலித்து, களிமண் கலவையோடு அச்சில் அழுத்திச் சூளையில் சுடுவார்கள். பாக்சைட் நமக்குப் புதிதில்லை. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. அலுமினியம் ஆக்சைடு இயற்கையில் படிகமாகக் கிடைத்தால் அதுதான் குருந்தக்கல். 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்து, இப்போது நாமக்கல்லில் இருக்கும் சித்தம்பூண்டிப் பாறையில் குருந்தம் உண்டு. சந்திரயான் சோதனைக்கு நிலா மண் மாதிரி செய்யக் கல் எடுத்ததும் அங்கேதான்.

சேலத்து வெள்ளைக்கல்லில் தீட்டலாமா? வாசல்படிக் கருங்கல்லில்?

வெள்ளைக்கல் வேண்டாம். அது மேக்னசைட். கடினத்தை அளக்கும் மோ அளவில் 4 சொச்சம்தான் வரும். பதம் போட்ட உளி எஃகு 6.5-க்கு மேல். எஃகுதான் கல்லைத் தேய்க்கும், கல் எஃகைத் தேய்க்காது. உலைக்களச் செங்கல்லுக்கு அருமையான சரக்கு, தீட்டுவதற்கு உதவாது.

கருங்கல் வேறு கதை. சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோக்கைட் என்ற கரும்பாறை. அதில் 7 கடினமுள்ள குவார்ட்சும் இருக்கிறது, அதைவிட மெத்தான கனிமங்களும் கலந்திருக்கின்றன. மணி பெரிது, சீரில்லை. அரிவாளுக்கும் கொடுவாளுக்கும் அது போதும், தோட்டத்து வேலைக்கு அந்தக் கரடுமுரடான முனையே நன்றாக வெட்டும். உளியை அதில் தேய்த்தால் முனை பொக்கை பொக்கையாகிவிடும்.

வெங்கச்சாங்கல்லை இடித்துச் சலித்து, தீட்டுக்கட்டையில் தூவி அரிவாள் தீட்டும் முறை ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. நல்ல முறை. குவார்ட்சு என்பதால் எஃகைத் தேய்க்கும். ஆனால் உலர்ந்த கல்தூசு நுரையீரலுக்குக் கேடு. மூக்கை மூடிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஈரமாகவே செய்யுங்கள்.

கல் நடுவில் குழிந்துவிட்டது. மாற்ற வேண்டியதுதானே?

பெரும்பாலும் வேண்டியதில்லை. சமப்படுத்தினால் போதும். அதிகம் பேர் வீணாகக் கல்லை இழப்பது இந்த இடத்தில்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

குழிந்த கல்லில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இழைப்புளித் தகடு இரண்டு அங்குல அகலம், நம் கல்லும் பெரும்பாலும் இரண்டு அங்குலம். நடுவில் குழி இருந்தால் தகட்டின் ஓரங்கள் அதிகம் தேய்ந்து, முனை வில்லாக வளைந்துவிடும். அதையாவது சமாளிக்கலாம். தகட்டின் பின்பக்கத்தை அதே கல்லில் தேய்த்தால் அது உப்பிக்கொள்ளும். பின்பக்கம் உப்பினால், அதன்மேல் சுருளை உடைக்க வைக்கும் மேல் தகடு படிந்து உட்காராது, இடுக்கில் சுருள் போய்ச் சிக்கும். இழைப்புளி அடைக்கிறது என்று வாயை அகலப்படுத்துவார்கள், ஆப்பை மாற்றுவார்கள். கோளாறு கல்லில் இருக்கும்.

எஃகு ஸ்கேலைக் கல்லின் மேல் நிமிர்த்தி வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, கீழே ஒளி கசிகிறதா என்று பாருங்கள். நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை குறுக்காக மூன்று விதமாகவும் பார்க்க வேண்டும். மூலைவாட்டில் மட்டும் முறுக்கிக்கொண்ட கல்லும் உண்டு.

சமப்படுத்தத் தட்டையான தளம் வேண்டும். கண்ணாடிக் கடையில் 10 அல்லது 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் வெட்டுத்துண்டு கேளுங்கள், ஓரத்தை மட்டும் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சமையல் மேடைக்கு வெட்டி மிஞ்சிய பாலிஷ் கிரானைட் துண்டும் நன்றாக வேலை செய்யும். அதன்மேல் சிலிக்கான் கார்பைடு பொடி, 60 அல்லது 80 எண் (எண் கூடக் கூட மணி பொடிசு), ஒரு தேக்கரண்டி போட்டுக் கொஞ்சம் தண்ணீரில் குழையுங்கள். பொடி கிடைக்காவிட்டால் அதே எண்ணுள்ள வாட்டர் பேப்பரை ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் தாள் சீக்கிரம் வழுக்கிவிடும், அடிக்கடி மாற்ற நேரிடும்.

கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். கல்லைக் கவிழ்த்து, எட்டுப் போடுவதுபோல் சுற்றித் தேயுங்கள், அவ்வப்போது முன்னும் பின்னும் திருப்பிப் பிடியுங்கள். முதலில் நான்கு ஓரத்துக் கோடுகள் அழியும். நடுவில் உள்ள கோடு அப்படியே நிற்கும், அதுதான் குழி. நடுக்கோடு அழியும்வரை தேயுங்கள். அழிந்ததும் மறுபடி கட்டம் போட்டு ஒரு சுற்று. எல்லாக் கோடும் ஒன்றாக மறைந்தால் கல் மட்டமாகிவிட்டது. சிலிக்கான் கார்பைடு கல் சுருக்கத் தேய்ந்துவிடும். இந்தியா ஸ்டோன் பிடிவாதக்காரக் கல், கை நோகும். மிருதுவான பக்கத்தை 220 எண் பொடியில் முடித்தால்தான் பழைய மென்மை திரும்பும். கடைசியாக, விளிம்புகளை லேசாக மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பெயர்ந்து உளியைக் கீறும்.

இதற்கு உங்கள் வைரத் தகட்டைப் பயன்படுத்தாதீர்கள். கல்லிலிருந்து உதிரும் கார்பைடு மணிகள் தகட்டில் வைரத்தைப் பிடித்திருக்கும் நிக்கல் பூச்சை அரித்துவிடும்.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது?

நீளவாக்கில் விரிசல் ஓடியிருந்தால். மட்டமாக்கியும் அங்கங்கே மணி கொத்தாக உதிர்ந்தால், ஏனென்றால் பிணைப்பு போய்விட்டது என்று அர்த்தம். இருபக்கக் கல்லில் ஒரு பக்கம் தேய்ந்து ஒட்டுக்கோட்டை நெருங்கிவிட்டால். ஊறவைத்து, கழுவி, சமப்படுத்திய பிறகும் உளி வழுக்கிக்கொண்டே போனால். வைரத் தகடு என்றால் சமப்படுத்த வழியே இல்லை. அதில் இருப்பது ஓர் அடுக்கு வைரம்தான், போனால் தகட்டை மாற்றத்தான் வேண்டும்.

கீழே விழுந்து இரண்டாக உடைந்துவிட்டது.

அரால்டைட் போட்டு, கண்ணாடியின் மேல் பாலிதீன் தாள் விரித்து அதில் முகம் கவிழ்த்து ஒட்டுங்கள். மறுநாள் சமப்படுத்துங்கள். நல்ல இயற்கைக் கல்லென்றால் துண்டையும் விடாதீர்கள், சிற்ப உளிக்கு அதுவே ஒரு கல்.

பழைய கல்லுக்கு ஈடாக அதே எண் கல் கேட்டேன். ஆனால் அது வேறு மாதிரி தீட்டுகிறதே?

எண்கள் ஒரே கணக்கில் வருவதில்லை. ஜப்பானியக் கல்லில் 1000 என்றால் மணி ஏறத்தாழ 15 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வாட்டர் பேப்பரில் பி 1000 என்றால் 18. மேலே போகப் போக இடைவெளி பெரிதாகிறது. பி 2000 தாள் 10 மைக்ரான், ஜப்பானிய 6000 கல்லோ 2 அல்லது 3 மைக்ரான். இந்தியா ஸ்டோனில் மீடியம் 240, ஃபைன் 320 முதல் 400 வரை என்பார்கள், அது இன்னொரு கணக்கு. எண்ணெய் ஊறித் தேய்ந்த பழைய கல் அதன் எண்ணைவிட மிருதுவாகவே தீட்டும். அதனால் மாற்றுக் கல் தேடும்போது மைக்ரான் என்ன என்று கேளுங்கள், அட்டையில் பெரும்பாலும் இருக்கும். அப்புறம் அளவையும் பாருங்கள். பழைய பெட்டிகள் பெரும்பாலும் 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்துக்குச் செய்தவை. ஆறு அங்குலக் கல் அதில் ஆடும்.

எண்ணெயா, தண்ணீரா?

எண்ணெய் ஏறிய கல்லுக்கு எண்ணெய்தான். சில கம்பெனிகள் இந்தியா ஸ்டோனைத் தொழிற்சாலையிலேயே எண்ணெயில் ஊறவைத்துத்தான் அனுப்புகின்றன. தண்ணீர்க் கல்லில் எண்ணெய் விட்டால் நுண்துளை அடைத்துக்கொள்ளும், மீட்பது பெரும் பாடு.

எந்த எண்ணெய்? தையல் மெஷின் எண்ணெய், அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகி மணியை மூடும். தேங்காய் எண்ணெய் சேலத்து வெயிலில் பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் குணம். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மார்கழிக் காலையில் கல்லின் மேல் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். காப்பித் தோட்டத்துத் தச்சர்கள் பலரும் கல்லை வெயிலில் வைத்துவிட்டுத்தான் தீட்ட உட்காருவார்கள். எண்ணெயை மாற்றினாலே போதும்.

புதுசா கல் வாங்கணும்ங்க. ஒண்ணே ஒண்ணுன்னா எதை வாங்கட்டும்?

8 அங்குல இருபக்கக் கார்போரண்டம் கல். 1954-ல் தொடங்கிய சென்னைக் கம்பெனியான கார்போரண்டம் யுனிவர்சல் தயாரிப்பு எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் முனையில் பிசிர், அதாவது மடங்கி நிற்கும் மெல்லிய எஃகு விளிம்பு, நிற்கும். பஃபிங் சாமான் விற்கும் கடையில் பச்சைக் கட்டி என்று கேளுங்கள், குரோமியம் ஆக்சைடு கலந்தது. பழைய தோல் பெல்ட்டைச் சமமான பலகையில் ஒட்டி அதில் பச்சையைத் தடவி, உளியைப் பின்னோக்கி மட்டும் இழுங்கள். ரோமம் மழிக்கும் கூர் வரும்.

கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தால் நடுவில் இந்தியா ஸ்டோன் ஃபைன் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். என் மேசையில் இந்த வரிசைதான். 1000, 6000 ஜப்பானியக் கல்லும் அழகாகத் தீட்டும், ஆனால் சீக்கிரம் குழியும், வாரா வாரம் சமப்படுத்தும் பொறுமை வேண்டும். வைரத் தகடு குழியாது, ஆனால் அழுத்தக் கூடாது. தச்சர் கை அழுத்தியே பழகிய கை. அதனால் முதல் கல்லாக நான் வைரத்தைச் சொல்வதில்லை.

தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செய்கிறோம். குழி உளிக்குத் தட்டைக் கல் ஒத்துவரவில்லை.

ஒத்துவராது. புவிசார் குறியீடு பெற்ற உங்கள் வேலையின் நுணுக்கம் முழுக்க வளைந்த முனைகளில்தான் இருக்கிறது. வெளிவளைவைத் தட்டைக் கல்லில் உருட்டி உருட்டித் தீட்டலாம். உள்வளைவுக்கு ஓரம் உருண்ட ஸ்லிப் ஸ்டோன் வேண்டும். வாங்கும்போது உளியையும் கடைக்குக் கொண்டுபோங்கள். கல்லின் உருட்டு உளியின் வளைவைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் இரண்டு மூலையையும் தின்றுவிடும். கிடைக்கவில்லையா, உடைந்த இந்தியா ஸ்டோன் துண்டை மேலே சொன்ன பொடியில் தேய்த்து உங்கள் உளிக்கேற்ற உருட்டு கொண்டுவரலாம். மெருகுக்கு, வாகைக்கட்டை ஒன்றை அந்த உளியாலேயே செதுக்குங்கள். அந்தப் பள்ளத்தில் பச்சை தடவினால் வளைவு அச்சாகப் பொருந்தும்.

தேக்கு வேலையில் மட்டும் உளி சீக்கிரம் மழுங்குகிறது. கல் சரியில்லையா?

கல்லைக் குறை சொல்லாதீர்கள். தேக்கு மரத்திலேயே சிலிக்கா இருக்கிறது, முனையை அதுதான் தின்கிறது. சரிவை 25 டிகிரியிலிருந்து நுனியில் மட்டும் 30-க்கு ஏற்றிப் பாருங்கள்.

ரௌட்டர் மெஷினில் மாட்டும் வெட்டுமுனையை (ரௌட்டர் பிட்) இந்தக் கல்லில் தீட்டலாமா?

கார்பைடு முனை என்றால் வைரத் தகடு மட்டுமே. தட்டையான உள்முகத்தை மட்டும் தொடுங்கள்.

நேராகச் சாணை பிடித்துவிட்டால் வேலை சுலபமாயிற்றே?

பொக்கை விழுந்த முனையை மீட்கச் சாணைச் சக்கரம் தேவைதான். ஆனால் முனை நீலமானால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, பதம் போய்விட்டது. நீலம் போகும்வரை தேய்த்து எடுத்தால்தான் திரும்பக் கூர் நிற்கும். சாம்பல் நிறச் சக்கரத்தைவிட வெள்ளை அலுமினியம் ஆக்சைடு சக்கரம், 60 அல்லது 80 எண், சூடு குறைவாகத் தரும். பக்கத்தில் தண்ணீர் வைத்து, விரல் பொறுக்கும் சூட்டிலேயே நனையுங்கள். புதுச் சக்கரத்தை மாட்டும் முன் அதன் துளையில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அதை மாட்டவே கூடாது, சுற்றும்போது சிதறும். அட்டையில் உள்ள வேகம் உங்கள் மோட்டாரின் வேகத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலையில் மழைக்காலத்தில் கல்லையும் கருவியையும் எப்படி வைப்பது?

தண்ணீர்க் கல்லை ஈரத்தோடு பெட்டியில் மூடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நிழலில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். எண்ணெய்க் கல்லைத் துடைத்து மூடிவைத்தால் போதும், மரத்தூள் ஒட்டாது. தீட்டி முடித்த உளியை அன்றைக்கே எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடையுங்கள். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஓர் இரவிலேயே துரு பொடிப்பொடியாகக் கிளம்பிவிடும், அதைத் தேய்த்து எடுக்க மறுபடியும் கல்லிடம்தான் போக வேண்டியிருக்கும்.